மக்கள் சதுக்கத்தில் ஒரு டீ வண்டிக்கு இடம்

மஞ்சக்குப்பம், கடலூர்
22-6-2025, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் இளமதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் என் இரண்டு முழங்கால்களும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளை அருண்குமாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று பாடலீஸ்வரர் சந்நிதியில் நின்று கேட்டுக்கொண்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். போனில் நலம் கேட்டால் நல்லா இருக்கேம்மா என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுகிறாய், காகிதத்தில் கேட்டால் நின்று பதில் சொல்லியாக வேண்டும், அதனால் எழுத்தில் கேட்கிறேன். முதுகுவலி குறைந்ததா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, போன மாதம் இருமிக்கொண்டிருந்தாயே அது நின்றதா, மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. போனில் பேசினால் நாலாவது நிமிஷம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. நீ வைத்துவிட்டுப் போய்விடுவாய், பர்மிங்காமில் உனக்கு வேலை இருக்கிறது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு மீதிச் சண்டையைச் சுவரோடு போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

வீட்டுச் செய்தி என்றால், உன் மாமா மகள் பவானிக்குக் கல்யாணம் முடிவாகி, ஆவணியில் திருவதிகைக் கோயிலில் தாலி கட்டுவதாகப் பேசியிருக்கிறார்கள். பையனுக்கு நெய்வேலியில் வேலை. இளமதியால் வர முடியாது என்று நானே சொல்லிவிட்டேன், நீ வந்து என்னைப் பொய்க்காரி ஆக்கினால் எனக்கு வருத்தமில்லை. மாடியில் குடியிருந்த வாத்தியார் குடும்பம் மாற்றலாகிப் போய்விட்டது, மேலே இப்போது ஆள் நடக்கிற சத்தம் கிடையாது. அந்தப் பிள்ளைகள் குதிக்கிறார்கள் என்று படியேறிச் சண்டைக்குப் போனவள் நான்தான். மாமா பண்ருட்டியிலிருந்து ஒரு பலாப்பழம் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார், பதினெட்டு கிலோ இருக்கும், வேண்டாம் என்றால் கேட்கிற ஆள் இல்லை. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அறுத்துச் சுளையெல்லாம் எடுத்து முடித்து நிமிர்ந்து பார்த்தால் மூன்று தாம்பாளம் நிறைய இருக்கிறது, வீட்டில் நான் ஒருத்தி. ஒவ்வொரு வருஷமும் முதல் தாம்பாளம் அமிர்தத்தின் டீ வண்டிக்குப் போகும், அவள் அங்கே டீ குடிக்க வருகிற ஜனத்துக்கெல்லாம் ஆளுக்கு ஒரு சுளை கொடுத்து மதியத்துக்குள் தீர்த்துவிடுவாள். இந்த வருஷம் துணி போட்டு மூடிவைத்து, யாருக்குக் கொடுப்பது என்று யோசித்தே இரண்டு நாள் போய், மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டேன். வீடு முழுக்க இன்னும் அந்த வாசனை போகவில்லை. அதை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உனக்கு எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

தீபாவளிக்குப் பேசியபோது சதுக்கத்தைத் திறந்துவிட்டார்களா என்று கேட்டாய், திறந்தாச்சு என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். கலெக்டர் ஆபீஸ் தெருவில் நான் முப்பத்தொரு வருஷம் மேஜை போட்டு மனு எழுதிய இடம் உனக்குத் தெரியும், அந்த மேஜைக்கு அடியில் உட்கார்ந்துதான் நீ வீட்டுப்பாடம் எழுதினாய். பின்னால் மூடிக் கிடந்த அரிசி மில், முன்னால் தெருவோரம் அந்தப் பெரிய தூங்குமூஞ்சி மரம், மரத்தடியில் என் மேஜை, ஒட்டினாற்போல் அமிர்தத்தின் டீ வண்டி, அதற்கு அப்பால் செருப்பு தைக்கும் பக்கிரி. மில் நிலத்தைக் கம்பெனிக்காரன் வாங்கிக் கடைகளும் சினிமாவும் மேலே வீடுகளுமாகப் புது நகர மையம் கட்டப்போகிறேன் என்று வந்தான். கோரல் பே சிட்டி சென்டர் என்று பெயர், கடல் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அவ்வளவு பெரிய மனையில் பத்தில் ஒரு பங்கைப் பொதுமக்களுக்குத் திறந்தவெளியாகத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. தகவல் உரிமைச் சட்டத்தில் வரைபடத்தை வாங்கிப் பார்த்தேன். அந்தப் பத்தில் ஒரு பங்கை எங்கே காட்டியிருந்தான் தெரியுமா, பின்பக்கம், சாக்கடைக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில், தெருவில் போகிறவன் கண்ணுக்கே படாத மூலையில். எட்டாவதோடு நிறுத்தியவள்தானே, இவளுக்கு வரைபடம் பார்க்க எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தவர்களுக்கெல்லாம் நான் பதில் எழுதினேன். பூங்கா முன்பக்கம் தெருவைப் பார்த்து வர வேண்டும் என்று மூன்று வருஷத்தில் பதினொரு மனு. மரத்தை வெட்டக் கூடாது என்று அதில் ஒன்று, ஏழாவது மனு. யாரும் எனக்குத் துணைக்கு வரவில்லை, நான் யாரையும் கூப்பிடவும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் நமக்குள் அந்தப் பேச்சு நடந்தது. நீ வரைந்து உங்கள் கம்பெனி அங்கே கட்டிய சதுக்கத்தை வீடியோவில் காட்டினாய். கல் தளம், தண்ணீர், வரிசையாகச் சின்ன மரங்கள், புறா. ஒரு கிழவன் தனியாக உட்கார்ந்து பிரெட் தின்றுகொண்டிருந்தான். அவனுக்கு யாரும் இல்லையா என்று கேட்டேன், நீ சிரித்தாய். பிறகு என் மனுவைப் பற்றிப் பேச்சு வந்தபோது, புல்லும் பெஞ்சும் கேட்டால் மட்டும் போதாதும்மா, எதற்காக ஜனங்கள் அங்கே வந்து உட்காருவார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும், அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருப்பது யார் என்று முதலில் ஒரு பட்டியல் போடு என்றாய். எனக்குச் சுருக்கென்று வந்தது. நான் உன்னைவிட ஜாஸ்தி நாள் தெருவில் உட்கார்ந்தவள், எனக்கு நீ பாடம் எடுக்க வேண்டாம் என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஐந்து மாதம் நாம் மழையையும் மாத்திரையையும் பற்றி மட்டும் பேசினோம். அந்த ஐந்து மாதத்தில்தான் பன்னிரண்டாவது மனு எழுதினேன்.

என் வேலை எப்படி என்று உனக்குத் தெரிந்திருந்தாலும் சொல்கிறேன், இனி வருவது புரிவதற்கு அது வேண்டும். மனுவில் ஓட்டை இருக்கக் கூடாது. ஒரு சின்ன இடம் விட்டால் அதன் வழியாக எதிராளி போய்விடுவான். அதனால் என் மனுக்களில் அனைத்து, எவருக்கும், எவ்வித, உடனடியாக என்ற சொற்கள் கட்டாயம் இருக்கும், ஆபீஸில் இருப்பவர்களே கொளஞ்சியம்மாள் மனு என்றால் சந்து கிடையாது என்பார்கள். கம்பெனிக்காரன் கடைசியாக, முன்பக்கத்தில் ஆக்கிரமிப்பு இருக்கிறது, அதனால் அங்கே பூங்கா அமைக்க முடியாது என்று பதில் கொடுத்திருந்தான். அவன் சொன்னது அவனுடைய சிமெண்டுக் கொட்டகையையும் தெருவில் நிறுத்தும் கார்களையும் பேனர் கம்பங்களையும் என்று நான் நினைத்துக்கொண்டேன், எனக்கு வேறு எதுவும் தோன்றவே இல்லை. முப்பத்தொரு வருஷம் ஓர் இடத்தில் உட்கார்ந்திருப்பவளுக்குத் தான் ஆக்கிரமிப்பு என்று எப்படித் தோன்றும். அதனால் இப்படி எழுதினேன். மேற்படி இடத்தில் உள்ள அனைத்து ஆக்கிரமிப்புகளையும், எவருக்கும் எவ்வித விலக்கும் அளிக்காமல், உடனடியாக அகற்றி, அவ்விடத்தைப் பொதுமக்களுக்கான பசுமைச் சதுக்கமாக அமைத்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது என் மனுக்களிலேயே இதுதான் நல்ல மனு என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மனு ஜெயித்தது. சொன்ன தேதிக்குச் செய்தார்கள், என் வாழ்நாளில் ஒரு மனுவுக்கு இவ்வளவு சுத்தமாக நடவடிக்கை எடுத்து நான் பார்த்ததில்லை. போன ஆடி மாதம் ஒரு காலையில் மரத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பக்கிரிக்கும் அமிர்தத்துக்கும் படிக்கத் தெரியாது, அவன் அதைப் பிய்த்து எடுத்துக்கொண்டு வந்து, படிங்க மனு அம்மா, யாருக்கு வந்திருக்கு என்று என் மேஜையில் வைத்தான். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். பொருள் என்று இருந்ததைப் படித்தேன். பார்வை என்று இருந்த இடத்தில், திருமதி கொளஞ்சியம்மாள் மற்றும் பலர் அளித்த மனு என்று இருந்தது. அதோடு நின்றுவிட்டேன். மேஜையையும் வண்டியையும் பக்கிரியின் பெட்டியையும் ஏழு நாளில் எடுக்க வேண்டும் என்பதைப் பிறகு மெதுவாகச் சொன்னேன். அமிர்தம் பாலைக் கொதிக்கவிட்டுவிட்டு வந்து, அது யார் கொடுத்த மனு என்று கேட்டாள். நம்ம மனு என்றேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு கேட்டாள், "எங் கட்டவெரல எதுல வெக்கச் சொன்ன கொளஞ்சி?"

இளமதி, இந்த இடத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் மாமாவிடம்கூட. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களிடம் கைரேகை வாங்குவதற்கு முன்னால் மனுவை முதல் எழுத்திலிருந்து கடைசி வரை படித்துக் காட்ட வேண்டும். படித்துக் காட்டி, சரி என்று ஒப்புக்கொண்டு வைத்த ரேகை என்று கீழே எழுத வேண்டும். இதை எனக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நானாக வைத்துக்கொண்ட நியாயம், ஆயிரக்கணக்கான மனுக்களில் ஒன்றுக்குக்கூட நான் அதை மீறியது கிடையாது. சொந்தப் பிள்ளை மேல் மனுக் கொடுக்க வந்த கிழவிகள் அழுதுகொண்டு, படிக்க வேணாம் தாயி, போதும் என்றால்கூட விடமாட்டேன், படித்துத்தான் வாங்குவேன். பன்னிரண்டாவது மனு எழுதிய அன்று திங்கட்கிழமை, குறைதீர் நாள், பத்து மணிக்குள் வரிசையில் நிற்க வேண்டும், கூட்டு மனு என்றால் மதிப்பு ஜாஸ்தி என்று ரேகை தேடிக்கொண்டிருந்தேன். அமிர்தம் டீ கொண்டுவந்து வைத்தாள். என்னா எழுதற என்று கேட்டாள். நமக்கு ஒரு பார்க்கு கேக்கறேன், வெரல வை என்றேன். அவள் சிரித்துக்கொண்டே மை தொட்டு முதல் ஆளாக வைத்துவிட்டுப் போனாள். அமிர்தம்தானே, அவளுக்கு என்ன படித்துக் காட்டுவது என்று விட்டேன். கீழே மட்டும், படித்துக் காட்டப்பட்டது என்று என் கையாலேயே எழுதினேன். அந்தப் பொய் அந்த ஆபீஸ் பைலில் இன்னும் இருக்கிறது.

நோட்டீஸ் வந்த அன்றைக்கே அவளிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு. சட்டம் எல்லாருக்கும் ஒன்று, என் மேஜையும்தானே போகிறது, நான் அழவில்லையே என்றேன். அது உண்மைதான், ஆனால் அவள் கேட்டது அதை இல்லை. ஏழாம் நாள் அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது நான் மரத்தின் இந்தப் பக்கம் நின்றேன், அவள் அந்தப் பக்கம் போனாள். அடுத்த வாரம் சிதம்பரத்தில் மகள் சந்திரலேகா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று பக்கிரி சொன்னான். பக்கிரி இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிறான், என்னைக் கண்டால் வணக்கம் சொல்கிறான், முன்போல் கிண்டல் செய்வதில்லை.

சதுக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டாயல்லவா, சொல்கிறேன். அழகாக இருக்கிறது. மக்கள் சதுக்கம் என்று பித்தளை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நடுவில் கொரியா புல், மிதிக்கக் கூடாது. சுற்றிலும் கறுப்புக் கிரானைட் பெஞ்சு, யாரும் படுத்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு இரும்புக் கைப்பிடி. பத்து மணிக்கு அந்தக் கல்லில் தோசை வார்க்கலாம். தொட்டியில் வைத்த பனை போன்ற செடிகள், ஒன்றின் நிழல் ஒரு பூனைக்குப் போதாது. நான் காப்பாற்றிய மரம் இருக்கிறது, அதைச் சுற்றி இடுப்பு உயரத்துக்கு இரும்பு வேலி போட்டுவிட்டார்கள், நிழல் முக்கால்வாசியும் வேலிக்குள்ளேயே விழுந்து வீணாகிறது. காலையில் ஆறிலிருந்து ஒன்பது, சாயங்காலம் நாலரையிலிருந்து எட்டு, மற்ற நேரம் பூட்டு. உள்ளே வியாபாரம் கூடாது, கூட்டம் கூடாது, என் வேலையும் கூடாது. நான் தினமும் நாலரைக்குப் போய் மரத்துக்கு எதிரே உள்ள பெஞ்சில் உட்காருகிறேன். நடக்கிறவர்கள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறார்கள். கடைக்கு வருகிறவர்கள் பெயர்ப் பலகை முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு ஏ.சி.க்குள் போய்விடுகிறார்கள். சாப்பிட்டியா என்று ஒருவர் கேட்டு நான் வீட்டுக்குத் திரும்பியது இந்த எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட இல்லை. அந்த வீடியோவில் பிரெட் தின்ற கிழவனை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

பேச்சுக்கு ஆள் என்றால் காவலாளி ஆரோக்கியராஜ் ஒருவன்தான். ஐம்பது வயசு, தேவனாம்பட்டினத்தில் படகு எஞ்சின் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவன், இப்போது விசிலை வைத்துக்கொண்டு புல்லுக்குக் காவல். அவனுக்கு உட்கார நாற்காலி கிடையாது, அதற்கு ஒரு மனு எழுதித் தருகிறேன் என்றேன். அவன் கும்பிட்டான். "வேணாம் பெரியம்மா, நீங்க எழுதுனா இருக்கற நிக்கற எடமும் போயிடும்" என்றான். எனக்குக் கோபம் வர வேண்டியது, வரவில்லை. பிறகு அவனே சொன்னான், அவனுடைய அறைக்குள் என் பன்னிரண்டாவது மனுவின் நகலை லேமினேஷன் செய்து ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்களாம். சுண்டல்காரனோ பலூன்காரனோ உள்ளே வந்து வாதாடினால், சூப்பர்வைசர் அதை எடுத்துவந்து, பாருங்கள், பொதுமக்களே கேட்டுக்கொண்டது என்று காட்டுவாராம். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். என் கையெழுத்து, அதற்குக் கீழே அமிர்தத்தின் ரேகை, நல்ல அழுத்தமாக, ஒரு கோடு கலையாமல் இருந்தது.

அதைப் பார்த்த பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. போன வியாழக்கிழமை மனு நகலை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் முட்லூர் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன், இறங்கவில்லை. சந்திரலேகா வீடு மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. அமிர்தம் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தாள், டி.வி. ஓடவில்லை. என்னைப் பார்த்துவிட்டு மகளைக் கூப்பிட்டு, அந்தம்மாவுக்குச் சக்கரை கம்மியா ஒரு டீ போடு என்றாள். இருபது வருஷம் கொளஞ்சி என்று கூப்பிட்டவள். நான் டீயைக் குடித்தேன், நன்றாகவே இல்லை, சொல்லவில்லை. உனக்கு ஒன்றைப் படித்துக் காட்ட வேண்டும், அதற்குத்தான் வந்தேன் என்றேன். வீட்டுக்குள் வேண்டாம் என்று அவளே எழுந்து வெளியே நடந்தாள்.

மேல வீதியில் சாயங்காலம் எப்படி இருக்கும் என்று நீ பார்த்திருக்கிறாய். பூ விற்பவர்கள், கடை வாசல் படியில் உட்கார்ந்து பேசுகிறவர்கள், கோயிலுக்குப் போகிற கூட்டம், ஒதுங்கி நிற்கும் மாடு. சதுக்கம் என்று யாரும் பலகை மாட்டவில்லை. மூடியிருந்த ஒரு கடையின் படியில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நான் மனுவை எடுத்து, அனுப்புநர் என்ற சொல்லிலிருந்து ஆரம்பித்து, குறைதீர் நாளில் படிக்கிற குரலில் முழுசாகப் படித்தேன். என்ன படிக்கிறார்கள் என்று ஒன்றிரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் படித்துக் காட்டப்பட்டது என்ற வரியையும் படித்தேன், இது பொய், இதை எழுதியது நான்தான் என்றும் சொன்னேன். அமிர்தம் எதிரே இருந்த பூக்கடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாதான் எழுதியிருக்க" என்றாள். "அன்னிக்கே படிச்சிருந்தா ஒரு எடத்துல நிறுத்தச் சொல்லியிருப்பேன். எவருக்கும்னு வருதே, அங்க." படிக்கத் தெரியாதவள், ஒரே தடவை கேட்டுவிட்டு அந்த இடத்தில் சரியாக விரலை வைத்தாள். படித்த அதிகாரிகள் பத்துப் பேர் பார்த்த மனு அது, எழுதிய நானும் நூறு தடவை பார்த்தது.

நான் மன்னிப்புக் கேட்டேனா என்று நீ கேட்பாய். எனக்கு அந்தச் சொல் வராது என்று உனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். சாப்பாட்டுக்குக் குறையில்லையே என்று மட்டும் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மவ போடறா, மருமவன் ஒன்னும் சொல்றதில்ல. காத்தால நாலு மணிக்கு முழிப்பு வந்துடுது. பால் வாங்கப் போவணும்னு எழுந்துடறேன். எழுந்தப்புறந்தான் எங்கியும் போவ வேணாம்னு நெனப்பு வருது. விடியற வரைக்கும் உக்காந்துக்கினே இருக்கேன்." அவளுடைய வண்டி சந்திரலேகா வீட்டுப் பின்பக்கம் சக்கரம் கழற்றி நிற்கிறது, அதன் மேல் விறகு அடுக்கியிருக்கிறார்கள். சதுக்கத்தில் வண்டிக்கு இடம் வாங்கிக் கொடுத்தால் திரும்பி வருவாயா என்று கேட்டேன். அவள் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து, "எங்க நிப்பேன், கல்லு மேலியா புல்லு மேலியா? அத மொதல்ல காட்டு. காட்டாம இனிமே எங்கியும் வெரல் வெக்க மாட்டேன்" என்றாள். பஸ் ஏற்றிவிட அவள் வரவில்லை, சந்திரலேகாதான் வந்தாள்.

மறுநாளே ஆபீஸில் விசாரித்தேன். தெருவோர வியாபாரிகளுக்கென்று சட்டம் இருக்கிறது, பொது இடத்தில் விற்பனைக்கு ஒரு பகுதியைக் குறித்துக் கொடுக்க வழி இருக்கிறது, பூட்டும் நேரத்தை மாற்றவும் கேட்கலாம். ஆனால் சொல்லால் மட்டும் எழுதினால் செல்லாது, நடக்கிற வழி மறையாமல், மரத்துக்குக் கெடுதல் இல்லாமல், எந்த இடத்தில் எத்தனை அடி என்று அளவோடு வரைபடம் இணைக்க வேண்டும் என்று அங்கிருந்த கிளார்க் நல்லபடியாகவே சொன்னார். எனக்கு வரைபடம் பார்க்கத் தெரியும், வரையத் தெரியாது. இந்த அறுபத்தெட்டு வயசில் எனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது என்று உன்னிடம் எழுதுகிறேன். அன்று நீ சொன்னதுதான் சரி என்று மட்டும் எழுத மாட்டேன், எழுதினால் நீ அதற்குச் சட்டம் போட்டு மாட்டிவிடுவாய். அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருப்பது யார் என்று பட்டியல் போடச் சொன்னாயே, அதை இப்போது போட்டு இதோடு அனுப்பியிருக்கிறேன், அதிலிருந்து நீயே தெரிந்துகொள்.

அளவுகளும் அனுப்பியிருக்கிறேன். நேற்று மதியம் பூட்டியிருந்த நேரத்தில் ஆரோக்கியராஜ் கதவைத் திறந்துவிட்டு டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். சூப்பர்வைசர் பார்த்தால் என்ன சொல்வது என்று கேட்டான், மனு என்று சொல் என்றேன், அய்யோ என்று தலையில் கை வைத்துக்கொண்டான், ஆனால் டேப்பை விடவில்லை. வேலிக்கு வெளியே மரத்தின் கிழக்குப் பக்கம் பதினான்கு அடிக்குப் பதினொன்று, அங்கே கல்தான், புல் இல்லை, மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை நிழல் இருக்கிறது, நானே ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தேன். வேலியை ஆறு அடி உள்ளே தள்ளினால் இன்னும் பத்துப் பேர் உட்காரலாம், அது மரத்துக்கு ஆகுமா ஆகாதா என்று நீதான் சொல்ல வேண்டும். வண்டி நாலு அடிக்கு ஆறு. அவள் இடது கைப்பக்கம்தான் அடுப்பு வைப்பாள், காற்று கடல் பக்கமிருந்து வரும், புகை பெஞ்சுப் பக்கம் போகக் கூடாது. பக்கிரிக்கு ஒரு சின்ன இடம், அவன் வருவானா என்று தெரியாது, இடம் இருக்கட்டும். ஆரோக்கியராஜுக்கு ஒரு நாற்காலி வரை.

ஒன்று முக்கியம். வரைந்து முடித்ததும் முதலில் எனக்கு அனுப்பாதே. சந்திரலேகா நம்பர் அளவுத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், அதற்கு வீடியோவில் கூப்பிட்டு, அமிர்தத்தை எதிரே உட்காரவைத்து, இது தெரு, இது மரம், இது கல், இங்கேதான் உன் வண்டி, இங்கே தண்ணீர்க் குழாய் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டு. அவசரப்படாதே, உன் ஆபீஸ் தமிழில் பேசாதே. அவள் நிறுத்து என்றால் நிறுத்து, மாற்று என்றால் மாற்று. அவள் சரி என்று சொன்ன பிறகுதான் அது எனக்கு வர வேண்டும், அதைக் கொண்டுபோய்ப் பதின்மூன்றாவது மனுவோடு அவளுக்கு மறுபடி ஒருமுறை படித்துக் காட்டித்தான் ரேகை கேட்பேன். தரவில்லை என்றால் ரேகை இல்லாமல் திரும்பி வருவேன், மனுவைக் கொடுக்க மாட்டேன். வண்டிக்குப் பக்கத்தில் எனக்கு மேஜை போட்டுவிடாதே. உனக்குக் கை துறுதுறுக்கும், எனக்குத் தெரியும், வேண்டாம். அந்த இடத்தை வெறுமனே விடு. கொளஞ்சி எங்க உக்காருவா என்று அவளாகக் கேட்டால் மட்டும் வரை. கேட்காவிட்டால் எனக்கு எதிர்ப் பெஞ்சே போதும்.

நீயும் மாப்பிள்ளையும் எல்லா நலனும் பெற்று, ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்டுக்கொண்டு, நீண்ட காலம் சேர்ந்திருக்க என் ஆசீர்வாதம். தலைக்கு எண்ணெய் வை, குளிர் தேசம் என்று சாக்குச் சொல்லாதே. முதல் பக்கத்தில் கேட்ட மூன்று கேள்விகளையும் மறந்துவிடாதே.

இப்படிக்கு
உன் அம்மா
கொளஞ்சியம்மாள்

இணைப்பு:
1. சதுக்கத்தின் அளவுகள், தாள் ஒன்று.
2. மரத்தடியில் முன்பு உட்கார்ந்திருந்தவர்கள் பட்டியல், தாள் ஒன்று. பத்தொன்பது பெயர். என் பெயரைக் கடைசியில் போட்டிருக்கிறேன்.